பி.டி. கத்தரியைச் சாப்பிடலாமா? மரபணு மாற்றப் பயிர்கள் பற்றிக் கேள்வி பதில்

பூச்சியியல் படித்து, பருத்தியிலும் காய்கறியிலும் புழுக்களைப் பார்த்தே காலம் கழித்தவள் நான். எந்த விதைக் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

முருகேசன், ஒட்டன்சத்திரம்: மேடம், கத்தரியில் காய்ப்புழுவுக்கு மருந்தடித்தே காசு போகிறது. வங்கதேசத்தில் பி.டி. கத்தரி போடுகிறார்களாமே? புழுவைக் கொல்வது மனுசனைக் கொல்லாதா?

நியாயமான பயம். பி.டி. என்பது மண்ணில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். அது உண்டாக்கும் ஒரு புரதத்துக்கான மரபணுவைத்தான் கத்தரிக்குள் வைத்திருக்கிறார்கள். புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். அங்கே இந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, சுவரை ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் இருப்பது அமிலம். அதில் இது மற்றப் புரதங்களைப் போலச் செரித்துவிடும். ஒட்டிக்கொள்வதற்கான இடமும் நம் குடலில் இல்லை.

இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகளும் பல காலமாகத் தெளிக்கிறார்கள். ஆனால் தெளித்தது வெயிலில் சில நாளில் அழிந்துவிடும், செடிக்குள் இருப்பது காயோடு சமையலறை வரைக்கும் வரும். அதனால் அதைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும்.

வங்கதேசம் 2013 அக்டோபரில் அனுமதித்தது. 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகள் பயிரிட்டார்கள், 2018-க்குள் அது ஆயிரக்கணக்காகப் பெருகியது. அங்கே கொடுத்தவை வீரிய ஒட்டுரக விதைகள் (இரண்டு ரகங்களைக் கலந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியவை) அல்ல. விவசாயி தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். மருந்துச் செலவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகக் கள ஆய்வு சொல்கிறது. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு இன்னும் மருந்து தேவைதான்.

அருள்: எலிகளுக்குப் பெரிய பெரிய கட்டி வந்த படத்தைப் பார்த்த பிறகும் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அந்தப் படம் 2012-இல் பிரான்சின் செராலினி குழு வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்ற மக்காச்சோளத்தை 200 எலிகளை வைத்து 2 ஆண்டுகள் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எலி இனத்துக்கு, எதைக் கொடுத்தாலும் 2 வயதில் கட்டிகள் சகஜமாக வரும். சாதாரணத் தீவனம் தின்ற எலிகளுக்கும் வந்தது. அவற்றின் படம் மட்டும் கட்டுரையில் இல்லை. ஒரு குழுவில் ஆண் 10, பெண் 10 மட்டுமே. இயல்பாகவே கட்டி வரும் எலியில் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து இது தீவனத்தால் வந்தது, இது தானாக வந்தது என்று பிரிக்கவே முடியாது.

2013 நவம்பரில் அந்த ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மோசடி என்று அது சொல்லவில்லை, முடிவு எதையும் நிறுவவில்லை என்றது. மறு ஆண்டு வேறோர் இதழில் அதே கட்டுரை வந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியம் பொதுப் பணத்தைப் போட்டு, அதே மக்காச்சோளத்தை அதிக எலிகளுக்குக் கொடுத்து, மறுபடி 2 ஆண்டுச் சோதனை நடத்தியது. 2019-இல் முடிவு வந்தது: பாதிப்பு இல்லை. சந்தேகம் வந்தால் இப்படித்தான் தீர்க்க வேண்டும். இந்த முடிவு அந்தப் படம் போன தூரத்தில் பத்தில் ஒரு பங்கு கூடப் போகவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கவிதா: அக்கா, என் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. வேறு பயிரின் மரபணு கலந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி கவிதா. இந்த ஆபத்து கற்பனை அல்ல. 1990-களில் சோயாவில் சத்தைக் கூட்டப் பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்தார்கள். அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களின் ரத்தத்தோடு சோதித்தபோது சோயாவும் அதே எதிர்வினையைக் காட்டியது. 1996-இல் முடிவு வெளியானது. அந்தச் சோயா சந்தைக்கு வரவே இல்லை. இதைச் சிலர் ஆபத்துக்குச் சான்றாகவும் சிலர் சோதனை வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகவும் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே சரி.

ஆஸ்திரேலியாவில் இன்னொன்று நடந்தது. பீன்ஸின் மரபணு சேர்த்த பட்டாணி எலிகளின் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கியதாக 2005-இல் செய்தி. பத்தாண்டு உழைப்பைக் கைவிட்டார்கள். 2013-இல் வியன்னாவில் மறுபடி பார்த்தபோது சாதாரணப் பீன்ஸும் சாதாரணப் பட்டாணியும் எலிகளிடம் அதையே செய்தன.

பிரச்சினை இருப்பது கண்காணிப்பில். 2000-இல் அமெரிக்காவில், மாட்டுத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்த ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் மனிதர் தின்னும் பண்டத்தில் கிடைத்தது. யாருக்கும் அதனால் ஒவ்வாமை வந்ததாக உறுதியாகவில்லை. ஆனால் தனியாக வைத்திருப்போம் என்ற வாக்குறுதி காகிதத்தோடு நின்றுவிட்டது. கிடங்கில், லாரியில், அரவை மில்லில் எல்லாம் கலக்கும். அதனால் தீவனத்துக்கு மட்டும் என்ற அனுமதியே கூடாது என்பது என் கருத்து.

பெயர் போடாதவர்: நாம் இதுவரை சாப்பிட்டதில்லை அல்லவா?

சாப்பிட்டிருப்போம். இந்தியப் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. ரகம். அதன் விதையிலிருந்து பருத்திக்கொட்டை எண்ணெய் எடுக்கிறார்கள், பிண்ணாக்கை மாடு தின்கிறது. அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து வரும் சோயா எண்ணெயும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. அதனால் எண்ணெய்க்கு ஆதாரமாக இருப்பதைக் காய்க்கு ஆதாரமாகச் சொல்ல முடியாது.

இளங்கோ: கம்பெனியே சோதித்து, கம்பெனியே நல்லது என்று சொன்னால் நம்ப வேண்டுமா?

அப்படியே நம்ப வேண்டாம். பி.டி. கத்தரியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மஹிகோ என்ற விதை நிறுவனம் உருவாக்கியது, கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கர்நாடகத்தின் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் கூட்டாளிகள். பாதுகாப்புத் தரவுகள் நீதிமன்றம் வரை போன பிறகே முழுதாகப் பொதுவில் வந்தன. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் குழு ஒப்புதல் தந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அவர் கேட்டதில் ஒன்று, கம்பெனி சாராத சோதனை. அது நியாயமான கோரிக்கை. அன்று நிறுத்திவைத்தது இன்றும் அப்படியே கிடக்கிறது. வேண்டாம் என்று முடிவெடுப்பது ஒன்று, முடிவே எடுக்காமல் கிடப்பில் போடுவது வேறு. இரண்டாவதில் விவசாயிக்கு மருந்துதான் மிச்சம்.

ஆனால் உலகில் எல்லாச் சோதனையும் கம்பெனியுடையது என்பதும் தவறு. ஐரோப்பிய ஆணையம் 2010-இல் வெளியிட்ட தொகுப்பில் பொதுப் பணத்தில் 25 ஆண்டுகள் நடந்த 130-க்கும் மேற்பட்ட திட்டங்கள் இருக்கின்றன. 2016-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஏறக்குறைய 900 ஆய்வுகளைப் பார்த்தது. இன்னொன்றும் செய்தது: மரபணு மாற்ற உணவை நிறைய உண்ணும் அமெரிக்கா, கனடாவையும், அதிகம் உண்ணாத மேற்கு ஐரோப்பாவையும் நோய்க் கணக்கில் ஒப்பிட்டது. புற்றுநோய், சிறுநீரக நோய், உடல் பருமன் எதிலும் இந்த உணவைக் குற்றம் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. 'அறிவியலில் ஒருமித்த கருத்து இல்லை' என்று 2013-இல் சுமார் 300 விஞ்ஞானிகளும் வல்லுநர்களும் கையெழுத்திட்டதும் உண்மை. பயிருக்குப் பயிர் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கிறேன். எதுவுமே தெரியாது என்பது போலப் பேசுவதை ஏற்க முடியாது.

செல்வராஜ், பெரம்பலூர்: சாப்பாட்டை விடுங்கள். பி.டி. பருத்தி போட்டும் புழு வருகிறதே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பி.டி. பருத்தி 2002-இல் வந்தது, இரண்டு பி.டி. நஞ்சுப் புரதங்கள் உள்ள ரகம் 2006-இல். பச்சைக் காய்ப்புழு அடங்கியது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடங்கவில்லை. முதல் ரகத்தை அது எதிர்த்து நிற்பது 2010-இல் குஜராத்தில் உறுதியானது. சில ஆண்டுகளில் இரண்டாவது ரகமும் தோற்றது.

ஓரத்தில் விதைக்கச் சாதாரணப் பருத்தி விதையைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? எதிர்ப்புச் சக்தி இல்லாத புழுவும் கொஞ்சம் பிழைத்து, எதிர்ப்புள்ளதோடு இனம் கலக்கட்டும் என்பதற்காக. பெரும்பாலோர் விதைக்கவில்லை. எதற்கு என்று யாரும் விளக்கவில்லை, அதனால் விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம், இங்கே விற்றவை ஒட்டுரகங்கள். அதன் காய்க்குள் சில விதையில் நஞ்சு இருக்கும், சில விதையில் இருக்காது. புழுவுக்கு அது பழகிக்கொள்ளும் பள்ளிக்கூடம் மாதிரி. பயிரை மாதக்கணக்கில் நீட்டியதும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவிலோ பி.டி. பருத்தியோடு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டு, 2018-இல் இந்தப் புழுவே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். நஞ்சு அதே குடும்பம்தான், வேறாக இருந்தது நிர்வாகம்.

தீபா, மாணவி: மேடம், களைக்கொல்லி தாங்கும் பயிரும் இதே கணக்கா?

இல்லைம்மா. அதில் விதையைவிடத் தெளிப்பதைத்தான் கேட்க வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் 'அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வாய்ப்புக் குறைவு என்றது. முன்னது ஒரு பொருளால் தீங்கு வர முடியுமா என்று பார்ப்பது. பின்னது நாம் படும் அளவில் வருமா என்று பார்ப்பது. கையுறைகூட இல்லாமல் கூலிக்கு மருந்தடிப்பவர் படும் அளவு, தட்டில் சாப்பிடுபவர் படும் அளவைப் போன்றது அல்ல. என் கவலை அவரைப் பற்றித்தான்.

முருகேசன், ஒட்டன்சத்திரம்: சரி மேடம், இங்கே பி.டி. கத்தரி கிடையாது. இந்தப் போகத்துக்கு என்ன செய்ய?

வாடித் தொங்கும் குருத்தை வாரம் ஒருமுறை புழுவோடு கிள்ளி அழியுங்கள். துளை விழுந்த காயை வரப்பில் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். பைரித்ராய்டு மருந்துகளைத் தவிருங்கள், அடித்தால் வெள்ளை ஈ பெருகும். பக்கத்துத் தோட்டத்துக்காரரையும் குருத்துக் கிள்ளச் சொல்லுங்கள், அங்கிருந்துதான் அந்துப்பூச்சி பறந்து வரும்.