ராக் மேடையில் ஆட விரும்பும் மகள்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லண்டன் ஹாரோவில் சென்ற ஆண்டு பரதநாட்டிய அரங்கேற்றம் கண்ட உங்கள் பதினேழு வயது மகள், ஏ லெவல் என்ற பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும் கணக்கியல் படிக்கப் போவதில்லை என்றும், ராக் இசை நாடகங்களிலும் ராக் பாடகர்களின் பெரிய மேடைக் காட்சிகளிலும் ஆடுவதையே தொழிலாகக் கொள்ளப் போவதாகவும் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து அவளுடைய அப்பா சரியாக உறங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "இதெல்லாம் ஒரு வேலையா, நாலு வருஷக் கூத்தா?" என்பதே உங்கள் கேள்வி.

இது வேலைதான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகத்தின் கணக்கு இதற்குப் பொருந்தாது என்பதை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் ஒப்பந்தமாக நகரும் தொழில் இது. மேடையில் ஆடக்கூடிய ஆண்டுகள் குறைவு, அந்த ஆட்டத்திலிருந்து பிறக்கும் வேலைகளுக்கு ஆயுள் அதிகம். ஆகவே இருபத்தைந்து வயதில் அவள் எங்கே ஆடுவாள் என்பதோடு, நாற்பது வயதில் எந்த வேலையில் இருப்பாள் என்பதையும் இப்போதே சேர்த்து யோசித்தால், பயம் பாதியாகக் குறையும்.

அந்த மேடையில் நடனக்காரருக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாடகருக்குப் பின்னால் அழகுக்கு நிற்பவர்கள் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். 1975-இல் அமெரிக்கப் பாடகர் ஆலிஸ் கூப்பர் நடத்திய 'வெல்கம் டு மை நைட்மேர்' சுற்றுப்பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்ட கனவை முழுநீள நாடகமாக்கிய காட்சி அது. அதற்கு நடனம் அமைத்த டேவிட் வின்டர்ஸ், 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகத்திலும் அதன் திரைப்படத்திலும் ஆடி நடித்தவர். மேடையின் நடுவே ஒரு திரை. அதில் படம் ஓடும். படத்தில் ஓடிவரும் உருவங்கள் திரையிலிருந்த பிளவுகளின் வழியே நிஜ மனிதர்களாக மேடையில் குதிப்பார்கள், மீண்டும் திரைக்குள் புகுந்து படமாகி ஓடுவார்கள். படத்தை நிறுத்திவைக்க முடியாது. ஆடுபவர் அரை நொடி பிந்தினாலும் மாயம் கலைந்துவிடும். அதே காட்சியில் எலும்புக்கூடாகவும் பூதமாகவும் அவர்களே உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும். ஆட்டமும் நடிப்பும் காலக்கணக்கும் ஒரே உடம்பில் சேர்ந்திருந்தால்தான் இது நடக்கும்.

இப்படியொரு காட்சியை ஒருமுறை மேடையின் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அரங்கத்திலிருந்து பார்த்தால் புகையும் ஒளியும்தான் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தபோது, தரையில் ஒட்டியிருந்த வெவ்வேறு நிற நாடாத் துண்டுகளும், இருட்டில் அவற்றின் மேல் பிசகாமல் வந்து நின்ற கால்களும் தெரிந்தன. ஒரு பெண் ஓடிவந்தார். உடை உதவியாளர் ஒருவர் அவருடைய சட்டையின் முதுகை ஒரே இழுப்பில் பிரித்தார். கொக்கி, பொத்தான் எதுவும் கிடையாது, எல்லாம் வெல்க்ரோ. அடுத்த உடைக்குள் கைகளை நுழைத்தபடியே அந்தப் பெண் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு, ஏழு, எட்டு என்றதும் மறுபடி மேடைக்குப் போய்விட்டார். உங்கள் மகளின் குரு தட்டுக்கழியில் தட்டிக்கொண்டே சொல்லும் கணக்குக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்று அப்போது தோன்றியது.

அவள் பரதநாட்டியம் படித்த ஆண்டுகள் வீணாகிவிடுமோ என்ற உங்கள் கவலைக்கு இதில் பதில் இருக்கிறது. வர்ணத்தை அரைமணி நேரத்துக்கு மேல் மூச்சு வாங்காமல் ஆடிய தெம்பு, முகத்தால் கதை சொல்லும் அபிநயம், தாளத்தில் பிசகாத காது ஆகிய மூன்றும் நாடகத்தன்மை மிகுந்த ராக் மேடைக்கு மிகவும் வேண்டியவை. அவளிடம் இல்லாதவையும் உண்டு. பாலே, ஜாஸ் அடிப்படை வேண்டும். உயர் குதிகால் காலணியோடு ஆடவும், துணை ஆட்டக்காரர் தூக்கும்போது உடம்பைச் சரியாக ஒப்படைக்கவும் பழக வேண்டும். பாட்டும் ஓரளவு வர வேண்டும். எல்லாவற்றையும்விட, விரைவாகக் கற்றுக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கட்டாயம் தேவை. நம் வகுப்பில் ஓர் உருப்படியை மாதக்கணக்கில் படிக்கிறோம். ஆடிஷன் என்ற ஆள்தேர்வில் மார்பில் ஓர் எண்ணைக் குத்திக்கொண்டு, முன்பின் பார்க்காத ஒரு நிமிட ஆட்டத்தைச் சில நிமிடங்களில் பிடித்து, அந்நியர்கள் முன்னால் ஆடிக்காட்ட வேண்டும். சாஸ்திரிய நடனம் நன்றாகப் படித்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். திறமைக் குறைவு அல்ல இது, பழக்கக் குறைவு. வாரம் ஒருமுறை வெளியாட்களுக்கான திறந்த வகுப்புகளுக்கு அவளை இப்போதிருந்தே அனுப்புங்கள்.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது, சி.டி.எம்.டி. என்ற பிரிட்டிஷ் நடன, நாடக, இசை நாடகக் கல்வி மன்றத்தின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று பாருங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து, 'டான்ஸ் அண்ட் டிராமா அவார்ட்ஸ்' என்ற அரசு உதவித்தொகை சில பள்ளிகளில் கிடைக்கும். பட்டப்படிப்பாக இருந்தால் வழக்கமான மாணவர் கடன் உண்டு. சேரும் முன் பள்ளியிடம் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் பள்ளியை நான் பரிந்துரைப்பதில்லை.

இனி நாற்பது வயதைப் பற்றிப் பார்ப்போம். பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் 1979-இல் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நடத்திய சுற்றுப்பயணம், ராக் காட்சியில் நடனத்துக்கு இருந்த இடத்தையே மாற்றியது. ஆடிக்கொண்டே பாட வேண்டும் என்பதற்காகக் வளைத்த கம்பியால் தலையில் பொருத்தும், இணைப்பு வயர் இல்லாத மைக் ஒன்றை அவருக்கென்று செய்தார்கள். அந்தக் காட்சியின் நடன அமைப்பில் பணியாற்றிய ஆன்டனி வான் லாஸ்ட், 1999-இல் 'மம்மா மியா' இசை நாடகத்துக்கு நடனம் அமைத்தார், 2002-இல் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' நாடகத்துக்கு ஃபரா கானோடு சேர்ந்து நடனம் அமைத்தவரும் அவரே. அந்த நாடகம் நடந்த லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில், அதற்கு முன் 1984 முதல் 2002 வரை 'ஸ்டார்லைட் எக்ஸ்பிரஸ்' ஓடியது. ஆட்டக்காரர்கள் சக்கரக் காலணியோடு ரயில் வண்டிகளாக ஓடும் அந்த நாடகத்துக்கு நடனம் அமைத்தவர் ஆர்லின் ஃபிலிப்ஸ். குவீன் என்ற ராக் குழுவின் பாடல்களைக் கொண்டு 2002-இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் டொமினியன் அரங்கில் ஓடிய 'வி வில் ராக் யூ'வுக்கும் அவரே நடனம் அமைத்தார். ஒரு நாடகம் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடினால், அதன் ஆட்டக்காரர்கள் பலமுறை மாறுவார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பழைய ஆட்டத்தைப் பிசகாமல் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். டான்ஸ் கேப்டன், துணை நடன அமைப்பாளர், ஒத்திகை இயக்குநர் போன்ற பொறுப்புகள் ஆடியவர்களுக்கே வருகின்றன. ஆடத் தொடங்கிய நாளிலிருந்தே, தன் பகுதியோடு மற்றவர்களின் பகுதியையும் மனப்பாடமாக வைத்திருப்பவளுக்கு இந்தக் கதவு திறக்கும்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நாடக அரங்குகள் நிறைந்த லண்டன் வெஸ்ட் எண்டில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்பது வழக்கம். ஒப்பந்தம் இருக்கும்வரை வருமானம் ஒழுங்காக வரும். அது முடிந்ததும் அடுத்தது எப்போது வரும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. இந்த இடைவெளியைத் தாங்கும் வேறொரு வேலை அவள் கையில் இருக்க வேண்டும். பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சியின் பயிற்றுநர் சான்றிதழோ, குழந்தைகளுக்கு நடனம் கற்பிக்கும் தகுதியோ இருந்தால், ஓட்டலில் தட்டு எடுக்கும் வேலையைவிட மரியாதையாகவும் உடம்புக்கு இதமாகவும் இருக்கும். சுயதொழில் செய்பவராகக் கணக்கு வைத்து ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 31-க்குள் வரி கட்ட வேண்டியிருக்கும். ஆகவே கையில் வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கப் பழக்குங்கள். கணக்கியல் படிக்க வேண்டும் என்ற அப்பாவின் ஆசைக்கு இங்கே உண்மையான பயன் இருக்கிறது, இந்தப் பாடத்தை அவரே சொல்லிக்கொடுக்கட்டும். வேலை வாங்கித் தருவதற்கு முன்பே பணம் கேட்கும் ஏஜென்டிடம் போக வேண்டாம். மேடைக் கலைஞர்களுக்கான ஈக்விட்டி தொழிற்சங்கத்தில் மாணவியாக இருக்கும்போதே சேரலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அவர்களிடம் காட்டினால் குறை நிறையைச் சொல்வார்கள்.

"ஆட்டக்காரி என்று ஊர் பேசுமே" என்று நீங்கள் எழுதிய வரியை நான் இலகுவாகக் கடந்துபோக விரும்பவில்லை. அந்த வலி எனக்கும் தெரிந்ததுதான். ராக் உலகில் மது இருந்தது, இருக்கிறது. ஆலிஸ் கூப்பரே தம்மை அழிக்கப் பார்த்த குடியைப் பற்றியும், 1980-களில் அதை விட்டதைப் பற்றியும் பலமுறை வெளிப்படையாகப் பேசியவர். அந்த 1975 பயணத்தில் பதின்வயது முடியும் முன்னரே நடனக்காரராகச் சேர்ந்தவர்தான் பாலே பயின்ற ஷெரில் காடர்ட் என்ற பெண். 1976-இல் அவரையே ஆலிஸ் மணந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்த பிறகும் ஷெரில் பல பத்தாண்டுகள் அதே மேடையில் விதவிதமான பாத்திரங்களாக ஆடினார். கணவரோடு சேர்ந்து 1995-இல் ஓர் அறக்கட்டளையை நிறுவி, ஃபீனிக்ஸ் நகரில் பதின்பருவப் பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் இலவசமாகக் கற்றுத்தரும் மையத்தை நடத்திவருகிறார். எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. மேடையில் பேயாகவும் பிசாசாகவும் வேடமிடுபவர்கள் வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள்தான் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே குறிப்பிட்டேன். என்ன உடை, எவ்வளவு நெருக்கமான காட்சி என்பதையெல்லாம் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டறியவும், தனக்கு ஒவ்வாததை மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. 'முடியாது' என்று மரியாதையாகச் சொல்லும் துணிவு வீட்டில்தான் முதலில் பழக வேண்டியது. உங்களிடமே அவள் அதைச் சொல்லும்போது கோபப்படாமல் கேளுங்கள்.

நான் உங்களைவிட அதிகம் கவலைப்படுவது அவளுடைய உடம்பைப் பற்றித்தான். இந்த மேடைகள் ஆபத்தானவை. 1975 பயணத்தில் வான்கூவரில் ஆலிஸ் கூப்பர் மேடையிலிருந்து விழுந்து விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். 1979-இல் கேட் புஷ்ஷின் பயணம் தொடங்கும் தறுவாயில், பூல் நகர அரங்கில் பில் டஃபீல்ட் என்ற இளம் ஒளியமைப்பு உதவியாளர் இருட்டில் தவறி விழுந்து உயிரிழந்தார். ஒத்திகையின்போது மேடையின் விளிம்பையும் தரைத் திறப்புகளையும் நடந்து பார்த்து நினைவில் வைப்பது, சந்தேகம் இருந்தால் ஆட மறுப்பது, சிறு வலியையும் அன்றைக்கே சொல்வது ஆகியவை ஆட்டத்தின் பகுதியே என்று அவள் கொள்ள வேண்டும். அரைமண்டியில் பல ஆண்டுகள் ஆடிய முழங்கால் கடினமான தரையில் குதிக்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. நடனக் காயங்களுக்கென்றே தேசிய சுகாதார சேவையில் தனிப்பிரிவுகள் உள்ளன. குடும்ப மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். ஆடுவதை நிறுத்தும் காலம் வந்தால், வேறு தொழிலுக்குப் படிக்க உதவும் 'டான்ஸர்ஸ் கரியர் டெவலப்மென்ட்' என்ற அறக்கட்டளை 1974 முதலே இந்நாட்டில் இயங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏ லெவல் தேர்வுகளை அவள் முழுமையாக எழுதி முடிக்கட்டும். இதில் நான் உங்கள் பக்கம். அதே ஆண்டில் மூன்று பள்ளிகளின் ஆடிஷனுக்கும் போகட்டும். இதில் அவள் பக்கம். எங்கும் இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு அடிப்படைப் பயிற்சி எடுத்துவிட்டு மறுபடி முயலலாம், மதிப்பெண்கள் அதுவரை எங்கும் போய்விடாது. அடுத்த சந்திப்புக்கு மூவரும் சேர்ந்தே வாருங்கள். முழங்காலைப் பற்றி மருத்துவர் சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள். திறந்த வகுப்பில் புதிதாகக் கற்ற ஒரு நிமிட ஆட்டம் ஒன்றைக் கைபேசியில் பதிவுசெய்து வரும்படி அவளிடம் சொல்லுங்கள். அரங்கேற்றக் காணொளி வேண்டாம், அதில் அவள் நன்றாகத்தான் ஆடியிருப்பாள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்