வடக்கே போன ஆசிரியர்களின் வரிக்கழிவு: தரகருக்கு எதற்குப் பங்கு?

கேள்வி: நானும் கணவரும் ஆசிரியர்கள். 2025 ஓகஸ்ட் 20ஆம் திகதி கனடாவின் வடக்கே நுனவுட்டில், பாஃபின் தீவிலுள்ள ஒரு சிறு கிராமத்துக்கு வேலைக்கு வந்தோம். வேலையோடு கிடைத்த வீட்டில் இன்னொரு ஆசிரியையும் எங்களோடு இருக்கிறார். கடையில் சாமான் விலையைப் பார்த்தால் சம்பளம் போதுமா என்று பயமாக இருக்கிறது. வடக்கில் வசிப்பவர்களுக்கு வரிக்கழிவு உண்டாம். ஆனால் நாங்கள் 2025இல் ஆறு மாதம் இருக்காததால் எங்களுக்குக் கிடையாது என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொல்கிறார். ரொறன்ரோவில் வரித்தாக்கல் செய்து கொடுக்கும் ஒருவரோ, "மூன்று பேருக்கும் நாளுக்கு 22 டொலர்படி போட்டு எடுக்கிறேன், காசை உடனே கையில் தருகிறேன், 30 வீதம் எனக்கு" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்வதற்கு முன் உங்கள் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். அவர் அரைவாசிதான் சரி.

ஆறு மாதம் தொடர்ந்து வடக்கில் இருக்க வேண்டும் என்பது உண்மை. அந்த ஆறு மாதமும் ஒரே வருடத்துக்குள் அடங்க வேண்டும் என்று எங்கும் இல்லை. வரி ஆண்டில் தொடங்கினால் போதும், அல்லது அந்த ஆண்டில் முடிந்தால் போதும். நீங்கள் ஓகஸ்ட் 20 வந்தீர்கள், 2026 பெப்ரவரி 20 வாக்கில் ஆறு மாதம் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு, ஏப்ரல் 30க்கு முன், 2025க்கான வரியைத் தாக்கல் செய்யுங்கள். டிசெம்பர் முடிய 134 நாட்கள் உங்கள் கணக்கில் நிற்கும். நத்தாருக்கு ரொறன்ரோ போய் வந்தாலும் கணக்கு அறுந்துபோகாது, உங்கள் வீடு வடக்கில்தானே இருக்கிறது.

தொகை இதுதான்: ஆளுக்கு நாளொன்றுக்கு 11 டொலர். இது கையில் வரும் காசு அல்ல, வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழிக்கும் தொகை. 134 நாளுக்கு ஆளுக்கு 1,474 டொலர் கழியும். ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் அதன் கால்பங்கு அளவு வரி மிச்சமாகலாம். கடையில் ஒரு வண்டி சாமானுக்குக் காணும். 2016இல் 8.25இலிருந்து 11 ஆக உயர்த்தினார்கள், அதோடு சரி. மற்ற வரிப் படிகளை வருடாவருடம் விலைவாசிக்கேற்ப ஏற்றுகிற அரசுக்கு, ரோட்டே இல்லாத ஊரில் பால் வாங்குகிறவரின் இந்த 11 மட்டும் கண்ணில் படவே மாட்டேன் என்கிறது.

இப்போது அந்த 22க்கு வருகிறேன். எல்லாரும் விழுகிற குழி இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். வீடு வைத்திருப்பவருக்கு இன்னொரு 11 உண்டு, மொத்தம் 22. வேலை தந்தவர்கள் கொடுத்த வீடாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரே காலத்தில் அந்த வீட்டிலிருந்து இந்தக் கழிவைக் கேட்பவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். நீங்கள் கேட்டு, கணவரும் கேட்டால் இருவருக்கும் 11 மட்டும். அந்த ஆசிரியையும் கேட்டால் மூவருக்கும் 11 மட்டும், யாருக்கும் 22 இல்லை. வீட்டில் நீங்கள் இருவர் மட்டும் என்றால், சம்பளம் கூடியவர் தனியாக 22 எடுத்து மற்றவர் ஒன்றும் கேட்காமல் விடலாம். கூட்டுத்தொகை ஒன்றுதான், ஆனால் அவருடைய வரி வீதம் கூட என்பதால் கொஞ்சம் லாபம். மூன்றாவது ஆள் ஒரு சதமும் கேட்காமல் இருந்தால்தான் அது நடக்கும், அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அவர் நவம்பரில்தான் குடிவந்தார் என்றால் அதற்கு முந்தைய நாட்களுக்கு ஒரு கணக்கு, பிந்தைய நாட்களுக்கு இன்னொரு கணக்கு. நீங்கள் மூவரும் ஒரே நாளில் வந்திருந்தால் ஆளுக்கு 11 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அதாவது உங்கள் ரொறன்ரோக்காரர் சொல்கிற "மூன்று பேருக்கும் 22" என்பது தவறான தாக்கல். வரித் திணைக்களம் பிறகு திருப்பிக் கேட்கும்போது வட்டியோடு கட்டப்போவது நீங்கள். அவருடைய 30 வீதம் அவர் பையில் பத்திரமாக இருக்கும். இருபது வருடமாக இந்தக் கதையைப் பார்த்து அலுத்துவிட்டேன். அரசு திருப்பித் தரும் வரிக்காசான ரிஃபண்டை முன்கூட்டியே காசாகத் தருகிறவர்களுக்கென்று கனடாவில் தனிச் சட்டமே இருக்கிறது: முதல் 300 டொலரில் 85 வீதமும், மிச்சத்தில் 95 வீதமும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். 2,000 டொலர் ரிஃபண்ட் என்றால் அவர் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 130. அவர் கேட்பதோ 600! நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வரிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். ரிஃபண்ட் போய்ச் சேரும் வங்கிக் கணக்கு உங்களுடையதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. சிலர் வேலையை இலகுவாக்க உங்கள் பழைய ஒன்ராறியோ முகவரியையே போட்டுவிடுவார்கள். டிசெம்பர் 31இல் எங்கே குடியிருந்தீர்களோ அந்த இடத்து வரிதான் முழு வருடத்துக்கும். நுனவுட்டின் வருமான வரியில் முதல் படி 4 வீதம், ஒன்ராறியோவில் 5.05. சம்பளத்தில் 2 வீதம் ஏதோ பிடிக்கிறார்களே என்று பார்த்திருப்பீர்கள், அது நுனவுட்டின் சம்பள வரி, பிழையல்ல.

பயணத்துக்கும் கழிவு உண்டு. வேலை தருபவர் கொடுத்த பயணக்காசு, வருடச் சம்பள விபரம் காட்டும் ரி4 தாளில் 32ஆம் பெட்டியில் இருக்கும். அது இல்லாதவர்களும் 2021இலிருந்து குடும்பத்தில் ஆளுக்கு 1,200 டொலர் வரை கணக்கில் எடுக்கலாம். பயணம் வடக்கிலிருந்து புறப்பட வேண்டும், ஓகஸ்டில் நீங்கள் குடிவந்த பயணத்தை இதில் சேர்க்க முடியாது. நத்தார் பயணச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ரி2222 என்ற ஒரே படிவம். இந்த முறை தவறவிட்டாலும் பத்து வருடம் வரை பின்னால் போய்த் திருத்தலாம், ஆகவே "இன்றைக்கே கையெழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் போச்சு" என்று யாராவது அவசரப்படுத்தினால் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

அப்புறம், தரகர்கள் யாரும் வாயே திறக்காத ஒரு விஷயம். வேலையிடத்தில் கொடுக்கும் ரிடி1 படிவத்தில் இந்தக் கழிவுக்கென்று ஒரு வரி இருக்கிறது. 2026 முழுவதும் அங்கே இருக்கப்போகிறீர்கள் என்றால் ஆளுக்கு 365 பெருக்கல் 11, அதாவது 4,015 என்று எழுதிச் சம்பளப் பிரிவில் கொடுங்கள். ஒவ்வொரு சம்பளத்திலும் பிடிக்கும் வரி அப்போதே குறையும், அடுத்த வருட ரிஃபண்டுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கோடையில் கப்பலில் வரும் அரிசி, மா, பருப்புக்கு வசந்த காலத்திலேயே பட்டியல் போட்டுக் காசு கட்டச் சொல்வார்கள். தையிலேயே அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டால் அந்த நேரம் கொஞ்சம் கையில் இருக்கும்.