கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை

கேள்வி: நான் திருப்பூரில் இருக்கிறேன். அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. கோத்தகிரி பக்கம் பழைய ஓட்டு வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள். அப்பா பிரஷர், சர்க்கரை, பிராஸ்டேட் மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பாத்ரூம் வீட்டின் பின்பக்கம். போன வாரம் ராத்திரி எழுந்து போனவர், அறைக்குள்ளேயே விழுந்துவிட்டார். நெற்றி வீங்கியிருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. அந்த அறையில் நடக்கவே இடமில்லை. டிரங்குப் பெட்டி, தையல் மிஷின், பீரோ மேல் சூட்கேஸ்கள், கட்டிலுக்கடியில் மூட்டைகள், குளிருக்குக் கரிச்சட்டி வேறு. எதையும் தொட விடமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் நெற்றி வீக்கத்தைப் பார்ப்போம். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாதிரி இரத்தம் உறையாமலிருக்க எதையாவது அப்பா சாப்பிடுகிறார் என்றால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். தலை ஸ்கேன் வேண்டுமா என்று அவர் சொல்வார். சாப்பிடாவிட்டாலும் சில வாரம் கவனமாக இருங்கள். வயதானவர்களுக்கு மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட அறிகுறி தெரியும். தலைவலி விடாமல் இருந்தாலோ, பகலில் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கால் இழுத்தாலோ 108-க்குப் போன் செய்யுங்கள்.

சாமான் விஷயத்தில் நான் உங்கள் பெற்றோர் கட்சி. வருடக்கணக்காக ஒரே அறையில் படுத்தவர்களுக்கு இருட்டில் எது எங்கே என்று கைக்குத் தெரியும். மகள் வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போனால், அன்றிரவு கை நீட்டிய இடத்தில் பீரோ இருக்காது. தையல் மிஷின் கட்டிலோரம் ஆடாமல் நிற்கிறதா? இருக்கட்டும். அதைப் பிடித்துத்தான் அவர் எழுந்திருப்பாராக இருக்கும். சூட்கேஸ்களை மட்டும் பீரோ மேலிருந்து இறக்கிவிடுங்கள். அவற்றை எடுக்க ஸ்டூல் மேல் ஏறப்போவது அம்மாதான்.

நீங்கள் காலி செய்ய வேண்டியது கட்டிலிலிருந்து கதவு வரை உள்ள வழியை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அப்பா நடக்கிற மாதிரியே நீங்கள் நடந்து பாருங்கள். ஓரம் சுருண்ட கால்மிதி, செல்போன் சார்ஜருக்காகக் குறுக்கே இழுத்த வயர், வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரங்குப் பெட்டியின் மூலை என்று ஒவ்வொன்றாகக் காலில் தட்டும். தட்டியதை எல்லாம் நகர்த்துங்கள். தரையை ஒட்டிய பிளக்கில் ஒரு சின்ன நைட் லாம்ப் போடுங்கள். நம் மலைக்காரர்கள் குளிருக்குக் கம்பளிக் காலுறையோடு படுக்கிறார்கள். சிமெண்ட் தரையில் அது வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை கிடைக்கிறது, இல்லையென்றால் பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு. கட்டிலில் பஞ்சு மெத்தை மேல் மெத்தை போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும்.

ஆனால் அப்பா தடுக்கித்தான் விழுந்தாரா? பிரஷர் மாத்திரையும் பிராஸ்டேட் மாத்திரையும் சேரும்போது, படுத்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி என்று அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருந்தை மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். அதுவரை எழுந்ததும் கட்டிலோரம் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

டாக்டரிடம் போகும்போது தலைமாட்டு மேஜையில் உள்ள மருந்து முழுவதையும், பிஸ்கட் டப்பாவில் கிடப்பதையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோங்கள். 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஒரு பிரஷர் மாத்திரை தருகிறார்கள். தனியார் டாக்டர் எழுதிய அதே மருந்து வேறு பெயரில் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. சளிக்கென்று கடையில் வாங்கி வைத்த மாத்திரையையும் காட்டுங்கள். அவற்றில் பலதில் உள்ள குளோர்பெனிரமைன் தூக்கத்தைக் கூட்டும், பிராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும்.

கரிச்சட்டியில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. புகை அடங்கிக் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தலைசுற்றல்கூடத் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். ஜன்னலை ஒரு இஞ்ச் திறந்து வைத்திருக்கிறோம் என்பார்கள், அது போதாது. சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து குளிர் காயட்டும். சட்டி வீட்டுக்குள் வரவே கூடாது.

பதிலுக்கு எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள். சுவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம், உலர்த்திய துணி பக்கத்தில் தொங்கக் கூடாது. வெந்நீர்ப் பையைப் படுக்கும் முன் ரஜாய்க்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு, அப்பா படுத்ததும் எடுத்துவிட வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப் போயிருந்தால் கொப்பளம் வருவதுகூட அவருக்குத் தெரியாது.

ராத்திரி எத்தனை தடவை எழுகிறார் என்று எழுதவில்லையே. இரண்டு மூன்று தடவை என்றால், மருந்துக்கடையில் மூடி போட்ட யூரின் கேன் கிடைக்கும், ஒன்று வாங்கிக் கட்டிலோரம் வையுங்கள். கட்டாயம் மறுப்பார். மழை நாளுக்கு மட்டும் என்று சொல்லி ஆரம்பியுங்கள். கோத்தகிரியில் மழைக்குப் பஞ்சமா என்ன?