பட்டியலில் இரட்டைப் பெயர்: சர்வரை விடுங்கள், நிரலைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கூட்டுறவு சங்கங்களின் விவசாயிகள் பட்டியல்களைச் சேர்த்து, இரண்டு தடவை வந்த பதிவை நீக்க ஜாவாவில் ஒரு யூட்டிலிட்டி கிளாஸ் (துணை நிரல்) எழுதினேன். 5,000 பேருக்குச் சட்டென்று முடிகிறது. 80,000 பேர் என்றால் அப்படியே நின்றுவிடுகிறது. 'பேரலல் ஸ்ட்ரீம் போடு, வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும்' என்கிறார் சீனியர். கம்ப்யூட்டர் சப்ளை செய்பவர் புது சர்வருக்குக் கொட்டேஷனே கொடுத்துவிட்டார். இதற்கிடையில் 'கொரடாச்சேரி' இரண்டு ஊராக வருகிறது. எதை முதலில் சரி செய்ய வேண்டும்? வேகம் கூடியதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் அந்தக் கொட்டேஷனைத் திருப்பிக் கொடுங்கள். 80,000 பதிவுகள் நினைவகத்தில் சில பத்து மெகாபைட்டுக்கு மேல் பிடிக்காது. சாதாரண மடிக்கணினியே தாராளம். சங்கத்துப் பணத்தில் சர்வர் விற்றுக் கமிஷன் பார்ப்பவர்களுக்கு நிரல் மெதுவாக ஓடுவதுதான் வியாபாரம். நிரலைத் திறந்து பார்க்காமல் இயந்திரத்தைக் குறை சொல்பவரை நம்பாதீர்கள்.

நீங்கள் அனேகமாக அர்ரேலிஸ்ட்டில் (ஜாவாவின் சாதாரணப் பட்டியல்) 'கன்டெயின்ஸ்' போட்டு, பதிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடியிருப்பீர்கள். புது மூட்டை வரும்போதெல்லாம் களத்தில் அடுக்கியிருக்கும் அத்தனை மூட்டையையும் புரட்டிப் பார்ப்பது போன்ற வேலை அது. 80,000 பதிவுக்கு இப்படி ஏறக்குறைய 320 கோடி ஒப்பீடு வரை போகும். பட்டியல் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும். பேரலல் ஸ்ட்ரீம் இந்த 320 கோடியைக் குறைக்காது, நாலு பேருக்குப் பங்கு போடும், அவ்வளவுதான். போதாததற்கு, ஒரே நேரத்தில் ஓடும் பல இழைகள் (த்ரெட்) ஒரே அர்ரேலிஸ்ட்டில் எழுதினால் பதிவுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

ஒரே பதிவை இரண்டு தடவை ஏற்காத லிங்க்ட்ஹேஷ்செட்டுக்கு மாறுங்கள். வந்த வரிசை மாறாது. 'ஆட்' செய்யும்போதே, ஏற்கெனவே இருந்தால் ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். 80,000 பதிவுக்கு 80,000 தேடல்தான். பதிவை ரெக்கார்ட் என்ற கிளாஸ் வகையாக எழுதினால், இரண்டு பதிவும் ஒன்றா என்று சொல்லும் ஈக்வல்ஸும், தேட வேண்டிய இடத்தை எண்ணாகச் சொல்லும் ஹேஷ்கோடும் தானாக வரும். ஆனால் ரெக்கார்ட் ஜாவா 16 முதல்தான் முழுமையாக உண்டு. 2014இல் வந்த ஜாவா 8ஐ டெண்டரில் எழுதிவிட்டு, அந்த வரியை மாற்ற மனம் வராத அலுவலகங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கே இரண்டையும் கையால் எழுதுங்கள். ஈக்வல்ஸ் மட்டும் எழுதி ஹேஷ்கோடை விட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, இரட்டைப் பதிவு அப்படியே தங்கிவிடும்.

வேகத்தை அளக்க, தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் கழித்துப் பார்ப்பது போதாது. ஜாவா இயந்திரம் ஆரம்பத்தில் நிரலைக் கட்டளை கட்டளையாகப் படித்து ஓட்டும், அடிக்கடி ஓடும் பகுதியைப் பிறகுதான் வேகமான இயந்திர மொழிக்குத் தொகுக்கும். அதனால் முதலில் ஓடிய முறை (மெத்தட்) பெரும்பாலும் மெதுவாகத் தெரியும். விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால் அந்த வேலையையே தூக்கி எறிந்துவிடலாம். அப்போது கிடைக்கிற வேகம் பொய். ஜாவாவின் திறந்த மூலத் திட்டமான ஓபன்ஜேடிகேயின் ஜேஎம்ஹெச் என்ற வேகம் அளக்கும் கருவி இதற்காகவே இருக்கிறது, இலவசம். சோதிக்கும் முறை விடையைத் திருப்பித் தரட்டும். 1,000, 10,000, 80,000 என்று மூன்று அளவு கொடுங்கள். கருவியின் அமைப்பில் எதையும் மாற்றாமல் விட்டால் ஒவ்வொரு சோதனைக்கும் 8 நிமிடம் 20 விநாடி எடுக்கும், பொறுங்கள். மடிக்கணினியில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும். உங்கள் முறை உள்ளே வரும் பட்டியலையே திருத்துகிறதா என்றும் பாருங்கள். திருத்தினால் இரண்டாம் சுற்றில் நீக்க எதுவுமே இருக்காது, அற்புத வேகம் காட்டும்.

தயார் நிரல்கள் அடங்கிய ஜார் கோப்பை பென்டிரைவில் கொண்டுவந்து ஆண்டுச் சந்தா கேட்பவர்களிடமும் ஜாக்கிரதை. அப்பாச்சி காமன்ஸ் லாங், குவாவா என்ற இரண்டு தயார் நிரல் தொகுப்புகளும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் மேவன் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி கொரடாச்சேரி. 'கொ'வில் வரும் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே யூனிகோட் எண்ணாகவும் (கணினியில் எழுத்துக்குரிய எண்) எழுதலாம், 3014, 3006 என்ற இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஜாவாவுக்கு வேறு வேறு. தரவு உள்ளே வரும் இடத்திலேயே, ஜாவாவின் நார்மலைசரில், இவற்றை ஒரே எண்ணாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஒரே ஒரு தடவை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டிலும் மாற்றினால் மறுபடி மெதுவாகும். எக்செல்லிலிருந்து ஒட்டிய பெயரின் ஓரத்தில் 160 எண்ணுள்ள இடைவெளி இருக்கலாம். ஓர இடைவெளியை வெட்டும் 'ட்ரிம்', 'ஸ்ட்ரிப்' இரண்டும் அதைத் தொடாது, தனியாக நீக்க வேண்டும்.

என்எஃப்சிக்கும் அடங்காத ஒன்று 'கௌ'. கௌரி, கௌசல்யா, சௌந்தரராஜன் போன்ற பெயர்களைப் பலர் எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' எழுத்தை அடித்து 'கெளரி' என்று பதிகிறார்கள். இது எழுத்துப்பிழை, எந்த நார்மலைசரும் திருத்தாது. அதற்காகக் கொம்பும் 'ள'வும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் மாற்றினால் 'வெள்ளாறு' சிதைந்துவிடும். கெளுத்தியும் தப்பாது. 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள். அப்போதும் 'வெளக்கு' என்று பேச்சு வழக்கில் எழுதியது மாட்டும். எனவே இந்த மாற்றம் ஒப்பிடுவதற்கான சாவியில் மட்டும் இருக்கட்டும், அச்சாகும் பெயரில் கை வைக்காதீர்கள்.

பெயர் ஒன்றையே சாவியாக வைப்பதும் ஆபத்து. தகப்பனார் பெயர், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எல்லாம் சேர்ந்ததே சாவி. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது டெல்டா கிராமங்களில் சர்வ சாதாரணம். தவறாக ஒருவரை நீக்கினால் அவருடைய பயிர்க் காப்பீடே போய்விடும்.

இவற்றையே ஜேயூனிட் (ஜாவா நிரலைத் தானாகச் சோதிக்கும் கருவி) சோதனைகளாக எழுதுங்கள்: காலிப் பட்டியல், பெயரில்லாத பதிவு, ஓரத்தில் 160 இடைவெளி, 'கொ' இரு வடிவம், 'கௌ' இரு வடிவம், மாறாமல் இருக்க வேண்டிய வெள்ளாறு, ஒரே பெயரும் வேறு சர்வே எண்ணும். 'கொ'வின் இரு வடிவத்தையும் எண்களாகவே எழுதுங்கள். எழுத்தாக அடித்தால் உங்கள் விசைப்பலகை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். கவரேஜ் (சோதனையில் ஓடிப் பார்த்த நிரலின் அளவு) 90 சதவீதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகிறவர்கள் இந்த ஏழில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை.

'கௌ' மாற்றம் இல்லாமலே சாவி முழுக்க ஒத்துப்போனால் நீக்கலாம். 'கௌ' மாற்றத்தால் மட்டும் ஒத்துப்போகிறவற்றைத் தனித் தாளில் அச்செடுங்கள். சங்கச் செயலாளர் சிட்டாவோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகே அவற்றை நீக்க வேண்டும்.