திப்பி தின்னும் பன்றிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏற்காடு மலையில் சிறு விவசாயி நான். 2 மாதக் குட்டிகளாக வாங்கிய இரண்டு வெண்பன்றிகளை 4 மாதமாக வளர்க்கிறேன். ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பியும் ஓட்டல் மிச்சமும்தான் தீனி. வயிறு தொங்குகிறது, மயிர் முரடாகிவிட்டது, எடை 30 கிலோவைத் தாண்டவில்லை. இனம் சரியில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இனத்தின் மேல் பழி போடுவதற்கு முன் தீனித் தொட்டியைப் பாருங்கள். மரவள்ளியில் மாவை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் திப்பி. மாவுச்சத்து கொஞ்சம் தங்கியிருக்கும். புரதமோ 100-க்கு 2 பங்கு அளவுதான். வளரும் பன்றிக்கு 16 பங்காவது வேண்டும். வயிறு நிறையும், சதை பிடிக்காது.

தொங்கும் வயிறும் முரட்டு மயிரும் குடற்புழுவுக்கும் அடையாளம். முதலில் கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லி புழு நீக்க மருந்து கொடுங்கள். இல்லாவிட்டால் நல்ல தீனியைப் புழுவுக்குத்தான் போடுவீர்கள்.

பிறகு 10 கிலோ கலவைக்குக் காய்ந்த திப்பி 2 கிலோ, மக்காச்சோள மாவு 3 கிலோ, அரிசித் தவிடு 2.3 கிலோ, கடலைப் புண்ணாக்கும் சோயாப் புண்ணாக்கும் தலா 1.25 கிலோ, தாது உப்பு 200 கிராம். கடலைப் புண்ணாக்கு மட்டும் போட்டால் லைசின் என்ற புரதக் கூறு பற்றாது, அதனால்தான் சோயா. பூசணம் பிடித்த புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், ஈரலைக் கெடுக்கும். ஈரத் திப்பியிலும் பூசணம் பிடிக்கும். உங்கள் ஊர்ப் பனியில் காயாது. மலைக்குக் கீழேயே காயவைத்ததை வாங்கி மேலே ஏற்றுங்கள்.

ஓட்டல் மிச்சத்தில் பன்றிக்கறி கலந்திருந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அதன் வழியாகவே கொட்டிலுக்குள் வரக்கூடும். 2020-இல் இந்தியாவுக்குள் நுழைந்த இந்த நோய்க்கு மருந்து கிடையாது. இறைச்சி மிச்சமே வேண்டாம் என்பேன். மற்றதையும் கிளறிக் கிளறி அரை மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஊறுகாய், கருவாடு, குழம்பு உப்பு ஏறி, தண்ணீரும் குறைந்தால் பன்றி சுற்றிச் சுற்றி வந்து வலிப்பில் விழும். அப்போது குடம் குடமாகத் தண்ணீர் காட்டக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். எப்போதும் தொட்டியில் தண்ணீர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மார்கழிக் குளிரில் தின்றதில் ஒரு பகுதி உடம்பைச் சூடாக்கவே போய்விடும். காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, நனைந்ததும் மாற்றுங்கள்.

புதுக் கலவையை ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் பிடிக்கும். ஒரு வாரம் பழையதோடு கலந்து ஏற்றுங்கள். பிறகு ஒன்றுக்கு நாளைக்கு 1.5 கிலோ, இரு வேளையாக, தனித்தனித் தொட்டியில். சேர்த்துப் போட்டால் பெரியது சின்னதை நெருங்க விடாது.