பாடுவது 110, திரையில் 220: சுருதி காட்டும் கருவி ஏன் தாவுகிறது?

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு நிரல் பலகையையும், ஒலியை உணரும் 'சவுண்ட் சென்சார்' பலகையையும் வைத்து, பாடும் குரலின் சுருதியைக் காட்டும் கருவி செய்தேன். விசிலடித்தால் எண் ஆடாமல் நிற்கிறது. 'ஆ' என்று பாடினால் 110, 220, 330 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு) எனத் தாவுகிறது. நிரலில் எங்கே பிழை?

பதில்: நிரலைக் குடைய வேண்டாம், பலகையே கோளாறு. இத்தகைய பலகைகளில் பெரும்பாலும் இருப்பது எல்எம்393 என்ற ஒப்பீட்டுச் சில்லு. ஒலி ஓர் அளவைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும் சொல்லும். நீல நிறத் திருகு அந்த அளவை மாற்றுமே தவிர, ஒலியைப் பெருக்காது. இது கைதட்டினால் விளக்கெரிய வைக்கும் பலகை; 'சுருதி கண்டறியும் கிட்' என்று பெயர் மாற்றி விற்றாலும் அப்படித்தான்.

விசிலுக்கு மட்டும் சரியாக வருவதற்குக் காரணம் உண்டு. விசில் ஏறக்குறைய ஒற்றை அலை. ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் அளவைத் தாண்டும். உச்சத்தில் 'ஊ' பாடினாலும் அப்படித்தான். 110 ஹெர்ட்ஸில் 'ஆ' பாடும்போதோ 220, 330 முதலான மடங்குகள் அடிப்படையான 110ஐ விட ஓங்கி, ஒரே சுற்றில் பலமுறை தாண்டும். விற்பனைக் காணொளிகளில் விசிலோ கைபேசிச் செயலியின் ஒலியோதான் வருகிறது என்றால், ஏன் என்று இப்போது புரியும். 'ஆ' பாடிக் காட்டாத எதையும் வாங்காதீர்கள்.

ஊனோவுக்குப் பதில் இஎஸ்பி32 என்ற நிரல் பலகையும், ஐஎன்எம்பி441 என்ற டிஜிட்டல் மைக்கும் போதும். மைக்குக்கு 3.3 வோல்ட்தான், 5 வோல்ட் கொடுத்தால் போய்விடும். மைக்கின் எல்/ஆர் (இடது/வலது) இணைப்பு முனையைத் தரை முனையோடு (ஜிஎன்டி) இணையுங்கள், தொங்கவிடாதீர்கள். தரவை 32 பிட்டாகவே வாசியுங்கள். கீழே வரும் கணக்கை ஊனோவில் ஓட்ட முயல வேண்டாம்: 1024 சாம்பிளை (ஒலியின் அடுத்தடுத்த அளவீடுகளை) இரண்டு பைட் வீதம் வைத்தாலே அதன் 2 கிலோபைட் நினைவகம் தீர்ந்துவிடும்.

நொடிக்கு 16,000 வீதம் 1024 சாம்பிள் எடுத்து, சராசரியைக் கழியுங்கள். முதல் 824 சாம்பிளை, 16 முதல் 200 சாம்பிள் வரை நகர்த்திய தன்னுடனேயே பெருக்கிக் கூட்டுங்கள். 1000 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை அடங்கிவிடும். நகர்வு அலையின் ஒரு சுற்றோடு பொருந்தும் இடத்தில் கூட்டுத்தொகை சிகரம் தொடும். கிடைக்கும் சிகரங்களில் உயரமானதை எடுக்காதீர்கள். அது சில சமயம் இரட்டை நகர்வில் விழுந்து ஒரு ஸ்தாயி கீழே காட்டும். உயரமானதில் 90 சதவீதத்தை எட்டும் முதல் சிகரத்தை எடுங்கள். 16,000ஐ அந்த நகர்வால் வகுத்தால் சுருதி.

இன்னும் ஒன்று பாக்கி. நகர்வு 36 என்றால் 444.4 ஹெர்ட்ஸ், 37 என்றால் 432.4. இடையில் 440 காணாமல் போகிறது. அடுத்தடுத்த இரு ஸ்வரஸ்தானங்களுக்கு இடையிலான தூரத்தில் ஏறக்குறைய பாதி இந்த இடைவெளி. சிகரத்தையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளையும் வைத்து ஒரு பரவளைவு வரைந்தால் உச்சி 36.36இல் விழும்.

'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளுக்குச் சுருதியே கிடையாது. நகர்த்தாத கூட்டுத்தொகையில் 80 சதவீதத்தைச் சிகரம் எட்டாவிட்டால் திரையை வெறுமையாக விடுங்கள். எண் நடுங்கினால், கடைசி ஐந்து அளவுகளில் நடு மதிப்பைக் காட்டுங்கள்; சராசரி போட்டால் ஒரு தவறான தாவல் எல்லாவற்றையும் இழுத்துவிடும்.