சேதாரம், சீட்டு, ஹால்மார்க்: நகை வாங்குவோர் கேள்விகளுக்குப் பதில்

கோவையில் பட்டறை வேலை கற்று, பிறகு நகைக்கடை கவுண்டரில் நின்றவன் நான். இப்போது எந்தக் கடையிலும் சம்பளம் வாங்கவில்லை, அதனால் கூச்சமில்லாமல் பேசலாம். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

சாந்தி: அண்ணா, நகை வாங்குவது சேமிப்பு என்கிறார் என் மாமியார். வெட்டிச் செலவு என்கிறார் கணவர். தினமும் இதே சண்டை. யார் சொல்வது சரி?

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம் தங்கச்சி. கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலை இல்லை, கணக்குக்குச் சுலபம், அவ்வளவுதான். 10 கிராம் செயின், சேதாரம் (செய்யும்போது வீணாகும் தங்கத்துக்கு என்று கடை போடும் தொகை) 12 சதவீதம். தங்கம் 1,00,000, சேதாரம் 12,000, இரண்டுக்கும் சேர்த்து 3 சதவீத ஜிஎஸ்டி 3,360. மொத்தம் 1,15,360. மறுநாளே விற்கப் போனால் தங்கத்துக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல் பைசா தர மாட்டார்கள். விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் போட்ட பணமாவது திரும்பும்.

சமீப வருடங்களில் விலை ஏறிய வேகத்தில் இந்த நஷ்டம் யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வகையில் மாமியார் ஜெயித்துவிட்டார். ஆனால் போட்டுக்கொள்ளும் ஆசையே இல்லாமல் பீரோவில் பூட்டி வைக்கத்தான் என்றால் நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. தங்கக் காசாக வாங்குங்கள், இல்லையென்றால் கோல்ட் ஈடிஎஃப்பில் (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் தங்க நிதி) போடுங்கள்.

முருகேசன்: மெஷினில் செய்கிற செயினுக்கு எதற்கு அண்ணே சேதாரம்? பகல் கொள்ளைதானே?

பட்டறையில் நகையை அரம் வைத்து ராவும்போது பொடி உதிரும். அது மடியில் விரித்த தோலில் விழும். சாயங்காலம் அதைத் தட்டிச் சேர்த்து மறுபடி உருக்கிவிடுவோம். கை கழுவிய தண்ணீரைக்கூடத் தொட்டியில் பிடித்து வைப்போம். அதையும் தாண்டிப் போகிற துகளுக்காகப் பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை வாரி அலசிப் பிழைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இப்படி இருக்கும்போது 12, 15 சதவீதத் தங்கம் எங்கே தொலையப்போகிறது? மெஷின் செயினில் இன்னும் குறைவு.

பில்லில் சேதாரம் என்று வருவதில் பெரும்பகுதி கூலியும், கடை வாடகையும், நடிகை வந்து சிரிக்கிற விளம்பரமும், முதலாளி லாபமும்தான். லாபம் வைப்பதைக் கொள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது லாபம் என்பதால்தான் பேரத்துக்கு இடம் இருக்கிறது. தங்க விலையில் பேரம் பேசாதீர்கள், நடக்காது. சேதாரத்தில் பேசுங்கள். கவுண்டர் பையனுக்குக் குறைக்க ஓரளவுதான் அதிகாரம் இருக்கும், பில் போடும் முன் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். சாதா செயின், வளையலில் நிறையவே இறங்கி வருவார்கள். கையால் இழைத்த கோயில் நகைக்கு அவ்வளவு இறங்க மாட்டார்கள், அதில் ஆசாரியின் உழைப்பு நிஜமாகவே இருக்கிறது.

"செய்கூலி இல்லை" என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசித் தொகையை நிகர எடையால் (கல், அரக்கு கழித்த தங்கத்தின் எடை) வகுத்து, கிராமுக்கு என்ன விழுகிறது என்று இரண்டு கடையில் ஒப்பிட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

கவிதா: கல் வைத்த நகை?

ஆசைக்கு மட்டும். விற்கும்போது கல் எடை, உள்ளே அடைத்த அரக்கு எடை எல்லாம் கழிந்துவிடும். வாங்கும்போதே மொத்த எடையையும் நிகர எடையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

சேகர்: எங்கள் குடும்ப ஆசாரி சொன்னால் சொன்னதுதான். ஹால்மார்க் எல்லாம் காசு பிடுங்கும் வேலை சார்.

உங்கள் ஆசாரி நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்த நகையை நாளைக்கு வாங்கப்போகிறவருக்கு அவரைத் தெரியாதே. 2021 ஜூனில் ஹால்மார்க் என்ற தூய்மை முத்திரையைக் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யூஐடி எண்ணும் இருந்தாக வேண்டும், அது ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு. பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 22 காரட் என்று காட்டும் 22கே916, எச்யூஐடி எண் என மூன்றும் இருக்கிறதா என்று லென்ஸ் கேட்டுப் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் எச்யூஐடி எண்ணைத் தட்டினால் எந்தக் கடை, என்ன நகை, என்ன தரம் என்று வந்துவிடும். செயின் வாங்கும்போது 'மோதிரம்' என்று காட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னமும் சிலர் கேடிஎம் என்றால் உசத்தி என்று நினைக்கிறார்கள். அது காட்மியம் சேர்த்த பற்று. அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும், ஊதுகுழலைப் பிடித்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். தரச்சான்றும் இல்லை, ஒன்றும் இல்லை.

ரேவதி: 11 மாதச் சீட்டு லாபமா அண்ணா?

மாதம் 5,000 கட்டி, ஒரு தவணை போனஸ் கிடைத்தால் வட்டிக் கணக்கில் வங்கியைவிட நல்லதுதான். ஆனால் போனஸ் கொடுத்த கடையே சேதாரத்தில் அதைத் திரும்ப எடுத்துவிடலாம். எந்த நகைக்கு எவ்வளவு சேதாரத் தள்ளுபடி என்று சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். கட்டுகிற பணத்தை அன்றைய விலைக்கு கிராமாக வரவு வைக்கும் திட்டம், விலை ஏறும் காலத்தில் நமக்குச் சாதகம்.

இன்னொன்று, வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற காப்பீடு இதற்குக் கிடையாது. பெரிய பெயர் எடுத்த கடைகளே ஷட்டரை இறக்கி, சீட்டுக் கட்டியவர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஒரே கடையில் பெரிய தொகை கட்டாதீர்கள்.

பிரபு: அட்சய திருதியை அன்று வாங்கலாமா?

நம்பிக்கை இருந்தால் ஒரு குண்டுமணி வாங்குங்கள். அந்தக் கூட்டத்தில் பேரம் பேசவோ முத்திரை பார்க்கவோ முடியாது.

லதா: 62 பவுனுக்கு மேல் வைத்திருந்தால் வருமான வரிக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

வைத்துக்கொள்ள உச்சவரம்பு எதுவும் இல்லை அம்மா. 1994-ல் வருமான வரித் துறை அதிகாரிகளுக்கு ஒரு அறிவுறுத்தல் போனது. சோதனைக்குப் போகிற வீட்டில் கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், கல்யாணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய வேண்டாம் என்பதே அது. அந்த 500 கிராம்தான் வாட்ஸ்அப்பில் 62 பவுன் ஆகிவிட்டது. அதற்கு மேல் இருந்தால் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். பில் இருந்தால் பில், சீதனமாகவோ பாட்டி வழியாகவோ வந்ததென்றால் உயில், பாகப் பத்திரம், பழைய அடகு ரசீது, எது இருந்தாலும் ஒரு கவரில் போட்டு நகையோடு வைக்காமல் தனியாக வையுங்கள்.